காலி வரிசை

புயல் விடுமுறை என்று அறிவித்துவிட்டால் எங்கள் ஷின்ச்சு நகரத்தில் பாதிப் பேர் மாலுக்குப் போவார்கள், மீதிப் பேர் கரோக்கேவில் தொண்டை கிழியப் பாடுவார்கள். மனிதர் எழுதும் நிரலைக் கணினியின் பொறிமொழிக்கு மாற்றுகிற கம்பைலர் எழுதும் எங்களை மாதிரிக் கிறுக்குகள் மட்டும் ஆபீசுக்கு வந்து உட்கார்ந்திருப்போம். அன்றைக்கு எங்கள் மாடியில் இரண்டே பேர். நானும் எங்கள் குழுத் தலைவர் குவோ-லுன் அண்ணனும். ஜன்னல் கண்ணாடியை மழை அறைந்துகொண்டே இருந்தது. எனக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. என் வீட்டுக்காரன் யுகான் மலைக்குப் போயிருந்தான்.

மலைச்சரிவு எச்சரிக்கைக் கருவிகளைப் பராமரிப்பது அவன் வேலை. அவன் போயிருந்தது அவனுடைய லவா அத்தை ஊருக்கு. அந்த ஊருக்கு மேலே ஏழு சரிவுகள். ஒவ்வொன்றிலும் ஒரு இரும்புக் கம்பம், அதன் தலையில் சாய்வை அளக்கிற கருவி. நிமிஷத்துக்கு ஒரு தடவை ஏழு கம்பங்களும் கீழே பள்ளிக்கூடத்தில் இருக்கும் பெட்டிக்கு அளவு சொல்லும். சரிவு அசையாமல் இருந்தால் திரையில் பச்சை, அசைந்தால் மஞ்சள், சாய்வு எல்லை தாண்டினால் சிவப்பாகிச் சங்கு அலறும். பெட்டிக்குள் ஓடுகிற நிரல் எங்கள் கம்பைலரில் தயாரானது. அதனால் அதன் திரை செயற்கைக்கோள் வழியாக எங்கள் ஆபீசிலும் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும்.

பத்து மணி சுமாருக்கு யுகான் போன் பண்ணினான்.

"மத்த ஆறு சரிவுக்கும் கீழ இருக்கிறவங்களை நேத்தே பள்ளிக்கூடத்துக்கு இறக்கிட்டாங்க. எல்லாம் மஞ்சளா ஆடிக்கிட்டு இருக்கு. ஏழாவது மட்டும் சுத்தப் பச்சை. அதனால அத்தையும் மாமாவும் வீட்டை விட்டு நகர மாட்டேங்கிறாங்க."

அவன் முடிப்பதற்குள் அத்தை போனைப் பிடுங்கிவிட்டாள்.

"யா-ச்சிங், நான் வர மாட்டேன்டி. போன தடவை இறக்கிவிட்டு மூணு நாளும் ஆறிப்போன டப்பாச் சோறு. என் பீச் மரத்தையெல்லாம் யாரு பாப்பா? என் சரிவு நல்ல பிள்ளை. உன் மெஷினே சொல்லுது."

"அத்தை, அந்த மெஷின் என்னோடது இல்ல."

"என் பொண்டாட்டி பண்ணினதுன்னு உன் புருஷன் ஊர் பூரா தம்பட்டம் அடிச்சுட்டானே! இப்ப இல்லைங்கிறியே?"

சிரித்துவிட்டுப் போனை வைத்தேன். பிறகு திரையைப் பார்த்தேன். ஏழாம் சரிவு: பூஜ்ஜியம். புள்ளிக்குப் பின்னாலும் பூஜ்ஜியம். ஒரு நிமிஷம் பார்த்தேன், ஐந்து நிமிஷம் பார்த்தேன். பூஜ்ஜியம். இப்படிப் பேய்மழை கொட்டும்போது மண்ணில் நட்ட கம்பம் துளி கூட நடுங்காமல் நிற்குமா?

"அண்ணே, ஏழுல எப்படி சுத்த பூஜ்ஜியம் வரும்?"

குவோ-லுன் அண்ணன் நூடுல்ஸ் கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நல்ல சரிவு போல. முன்னாடியெல்லாம் அந்த ஏழாவதைத் தொட்டாலே நிரல் விழுந்து நின்னுடும். போன மாசம் நிரல் எழுதினவங்களுக்கு நான்தான் வழி சொன்னேன். அட்டவணைக்குக் கீழ ஒரு காலி வரிசை சேர்த்துக்கோங்கன்னேன். அதுக்கப்புறம் ஒரு புகாரும் இல்ல."

"காலி வரிசையா?"

"எல்லாம் பூஜ்ஜியம் போட்டு, சும்மா ஒரு வரிசை. ஏன் அப்படிப் பாக்கறே?"

நான் ஏன் அப்படிப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். அந்த அட்டவணையில் சரிவுக்கு ஒரு வரிசை, வரிசைக்கு அறுபது கட்டம், கடந்த ஒரு மணி நேரத்தின் அளவுகள். பழையது முதல் கட்டத்தில், புத்தம் புதியது கடைசிக் கட்டத்தில். எழுதும்போதுதான் வரிசை, கட்டம் எல்லாம். கணினியின் நினைவகத்தில் அப்படி ஒன்றும் கிடையாது. எல்லாம் ஒரே ரயில். வரிசை என்பது ஒரு பெட்டி, கட்டம் என்பது ஒரு இருக்கை. இத்தனையாவது பெட்டி, இத்தனையாவது இருக்கை என்று கேட்டால், பெருக்கிக் கூட்டி ரயிலின் மூக்கிலிருந்து எவ்வளவு தூரம் என்று சொல்வது கம்பைலரின் வேலை. இருக்கை எண் ஒன்று கூடிப் போனால் அடுத்த பெட்டியின் முதல் இருக்கையில் போய் உட்கார்ந்துவிடுவோம். யாரும் கேட்க மாட்டார்கள். பெட்டிக்குப் பெட்டி பரிசோதகர் வைத்தால் ரயில் மெதுவாகிவிடும் என்று, ரயிலின் வால் முனையில் மட்டும் ஒருவரை நிறுத்தியிருக்கிறோம். கடைசிப் பெட்டிக்காரன் மட்டும்தான் அவரிடம் மாட்டுவான்.

அந்த ஏழாவது மாட்டியிருக்கிறான். நிரல் விழுந்தது அதனால்தான். அண்ணன் என்ன செய்தார்? ரயிலின் வாலில் ஒரு காலிப் பெட்டியை மாட்டிவிட்டு, பரிசோதகரை அதற்கும் பின்னால் தள்ளிவிட்டார்.

கம்பைலர் உமிழ்ந்த பொறிமொழியைத் திறந்து பார்த்தேன். நிரல் எழுதப்பட்ட பழைய மொழியில் எல்லாம் ஒன்றிலிருந்து எண்ணுவார்கள். கணினி பூஜ்ஜியத்திலிருந்து எண்ணும். நடுவில் ஒன்றைக் கழித்துக் கொடுக்க வேண்டியது கம்பைலர். வரிசை எண்ணில் கழித்திருந்தது. அளவைப் படிக்கிற இடத்தில் கட்ட எண்ணில் கழிக்கவில்லை.

"அண்ணே, ஒவ்வொரு சரிவும் இப்ப என்ன காட்டுது தெரியுமா? தன்னோட புது அளவை இல்ல. அடுத்த சரிவோட ஒரு மணி நேரப் பழைய அளவை. ஏழுக்கு அடுத்தது உங்க காலி வரிசை. அது சாகற வரைக்கும் பூஜ்ஜியம்தான் காட்டும்!"

அவர் கிண்ணத்தை வைத்தார். முகம் வெளுத்தது, ஆனால் வாய் மட்டும் பழைய வாய்தான். "இரு, இரு. அவசரப்படாதே. இங்க சோதனைப் பலகையில ஓட்டிப் பார்ப்போம். நிரலைத் திரும்பத் தயார் பண்ண ஒரு மணி நேரம் போதும். நிரூபிக்காம புயல் நடுவுல போய் மெஷின் பொய் சொல்லுதுன்னா, மலை வட்ட அலுவலகம் என்ன நினைக்கும்? பள்ளிக்கூடத்துப் பெட்டியையே அணைச்சிடுவாங்க."

சோதனைப் பலகையின் மேல் வழக்கம்போல ஒரு பச்சைத் தின்பண்டப் பொட்டலம் உட்கார்ந்திருந்தது; காலாவதியாகாத பொட்டலம் மேலே இருந்தால் மெஷின் சமர்த்தாக ஓடும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அதை எடுத்து அவர் மேஜை மேல் எறிந்தேன்.

"இதோட காலாவதித் தேதியை மாசாமாசம் பாக்கத் தெரியுதில்ல? ஏன் விழுதுன்னு ஒரு தடவை பாத்தீங்களா? ஏழு பேர்ல ஒருத்தன்தான் உண்மையைச் சொல்லிக் கத்தினான். அவன் வாயை அடைச்சுட்டீங்களே!"

நான் யுகானுக்கு அடித்தேன். கிடைக்கவில்லை. மறுபடி அடித்தேன். நடந்துகொண்டே அடித்தேன், ஜன்னலுக்கும் கதவுக்கும், கதவுக்கும் ஜன்னலுக்கும். சனியன் பிடித்த போன். எத்தனையாவது தடவையோ, எடுத்தான்.

"அத்தையைக் கூட்டிட்டு இப்பவே கிளம்பு."

"என்ன ஆச்சு? பச்சையாத்தானே இருக்கு?"

"அது பச்சை இல்லடா, வெறும் பூஜ்ஜியம்! யாரும் உக்காராத இடத்தைப் பார்த்து ஆள் நல்லா இருக்கான்னு சொல்லிட்டிருக்கு."

"புரியற மாதிரி சொல்லேன். அத்தையைக் கிளப்பறதுன்னா சும்மாவா? கட்டிலோட தூக்கணும்."

எனக்கு அழுகை வந்தது. இதை அத்தைக்கு எப்படிப் புரியவைப்பது? பெட்டி, இருக்கை என்று போனில் பாடமா எடுக்க முடியும்?

"யுகான், கம்பம் வீட்டுக்குப் பின்னாலதானே? போய் அதைப் பிடிச்சு ஆட்டு. ரெண்டு நிமிஷம் விடாம ஆட்டு. அத்தையை உன் டேப்லெட்ல திரையைப் பாத்துட்டே இருக்கச் சொல்லு."

மழைச் சத்தம் போனை நிறைத்தது. அவன் மூச்சு வாங்குவது கேட்டது. "ஆட்டறேன்... நல்லாவே ஆட்டறேன்... யா-ச்சிங், கம்பம் ரொம்ப லேசா ஆடுது. அடி மண்ணு கூழாயிருக்கு."

இங்கே திரையில் ஏழு: பூஜ்ஜியம். அடுத்த நிமிஷமும் பூஜ்ஜியம். அண்ணன் என் பின்னால் வந்து நின்றிருந்தார்.

"பூஜ்ஜியம்தான்," என்றேன்.

தூரத்தில் அத்தையின் குரல்: "டேய், நீ இந்த ஆட்டு ஆட்டறே, இது ஏன்டா கல்லு மாதிரி இருக்கு?"

யுகான் ஏதோ சொல்ல வாயெடுத்தான். லைன் செத்துவிட்டது. அதற்குப் பிறகு எத்தனை முறை அடித்தாலும் எதிர்முனை இல்லை. மலையில் செல்போன் கோபுரமே போய்விட்டது என்று கொஞ்ச நேரத்தில் செய்தியில் ஓடியது.

குவோ-லுன் அண்ணன் நிரூபணம், ஒரு மணி நேரம் என்று எதுவும் பேசவில்லை. அவரே வட்ட அலுவலகத்துக்குப் போன் போட்டார். லியாவ் என்ற அதிகாரி எடுத்தார்.

"சார், பெட்டி காட்டறது எதையும் நம்பாதீங்க. எங்க தப்பு. ஏழாம் சரிவுக்கு உடனே ஆள் அனுப்புங்க."

"எங்க தப்புன்னா? எழுத்துல குடுங்க. இருக்கிறதுலேயே நல்ல சரிவு அது. இருக்கிற ஆளுங்களை நான் மஞ்சளுக்கு அனுப்புவேனா, பச்சைக்கு அனுப்புவேனா?" அவர் கத்தியது எனக்கே கேட்டது.

அண்ணன் அதை எழுதி அனுப்ப உட்கார்ந்தார். எனக்குச் செய்ய ஒரு வேலையும் இல்லை. உட்கார்ந்தேன், எழுந்தேன், தண்ணீர் பிடித்துக் குடிக்காமல் வைத்தேன். அப்போதுதான் உறைத்தது. ஏழாம் சரிவில் நடப்பது எனக்குத் தெரியத்தான் போகிறது. ஒரு மணி நேரம் கழித்து, ஆறாம் சரிவின் பெயரில்.

ஆறாவது வரிசையைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டேன். வாழ்க்கையில் அவ்வளவு நீளமான ஒரு மணி நேரத்தை நான் கண்டதில்லை. கெட்ட யோசனைகளாகவே வந்தன. போன வாரம் அவன் ஈரச் செருப்போடு வீட்டுக்குள் வந்ததற்குத் திட்டினேனே என்று வேறு நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஆறில் எண்கள் துள்ளின. ஏறின, இறங்கின, ஏறின. இரண்டு நிமிஷம்.

"அண்ணே, யுகான்! அவன்தான் ஆட்டறான்!"

என் புருஷன் ஒரு மணி நேரத்துக்கு முன்னால் உயிரோடு இருந்தான் என்பதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன். எண்கள் அடங்கின. இனி அவன் வீட்டுக்குள் போயிருப்பான். அத்தை சண்டை போட்டிருப்பாள். மாமாவுக்கு முழங்கால் வலி, மெதுவாகத்தான் இறங்குவார். போங்க, போங்க, சீக்கிரம் போங்க என்று வாய்விட்டே சொன்னேன். எல்லாம் நடந்து முடிந்த கதை என்று தெரிந்தும் சொன்னேன். அண்ணன் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். அவர் உதடுகளும் அசைந்தன.

கால் மணி நேரம் போயிருக்கும். ஆறு சிவந்தது. எண் எல்லையைத் தாண்டி எங்கேயோ போனது. கம்பம் படுத்துவிட்டது. பள்ளிக்கூடத்துச் சங்கு அலறுகிறது என்று திரையில் எழுத்து ஓடியது.

கால் மணி நேரத்தில் இறங்க முடியுமா? முடியுமா? யாரைக் கேட்பது?

மேஜைப் போன் அடித்தது. லியாவ். "ஆறாம் சரிவு போகப் போகுது! மீட்புப் படையை ஆறுக்குக் கிளப்பிட்டேன். நீங்க நம்பாதேன்னீங்க, இப்ப பாருங்க எப்படிக் கத்துது!"

"அது ஆறு இல்ல சார்," என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ போல் இருந்தது. "அது ஏழு. போகப் போகலை. போயிடுச்சு. ஒரு மணி நேரம் ஆச்சு. உங்க ஆளுங்களைத் திருப்பி விடுங்க. ஏழுக்குக் கீழ என் வீட்டுக்காரரும் அத்தையும் மாமாவும் இருந்தாங்க."

அவர் யாரையோ கூப்பிட்டு, "ஏழு, ஏழு!" என்று கத்துவது கேட்டது.

அதற்கப்புறம் எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. என் செல்போன் அடித்தது. தெரியாத எண். காதில் வைத்தேன்.

"யாரு, யா-ச்சிங்கா? உன் புருஷன் என்னைச் செருப்புக்கூடப் போட விடலைடி! மாமாவை முதுகுல மூட்டை மாதிரி கட்டிக்கிட்டான். ரோடு மூழ்கிப்போச்சு, சர்ச் வழியா சுத்தி இறங்கி, இப்பத்தான் போலீஸ் சாவடிக்கு வந்து சேர்ந்தோம். இங்கதான் போன் வேலை செய்யுது. அவனுக்குக் காலு சுளுக்கு, மத்தபடி எருமை மாதிரி நல்லாத்தான் இருக்கான்."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அண்ணன் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"வீடு போச்சுடி," என்றாள் அத்தை. சத்தம் இறங்கியிருந்தது. "சர்ச் வாசல்லேருந்து பார்த்தோம். மரம் ஒண்ணு இல்ல. வெறும் சேறு. உன் மெஷின் இப்பவாவது என்ன சொல்லுது?"

திரையைப் பார்த்தேன். பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. வாய் வரவில்லை.

"இன்னும் பச்சைன்னுதான் சொல்லுது, அத்தை. என்னை மன்னிச்சிடுங்க."

நான் தேம்பித் தேம்பி அழுதேன்.

"அழறதை அப்புறம் வச்சுக்க," என்றாள் அத்தை. "அந்த மெஷினை இன்னும் எத்தனை ஊர்லடி வச்சிருக்காங்க?"

போனைக் காதில் வைத்தபடியே அண்ணனைப் பார்த்தேன். அவர் ஏற்கனவே விசைப்பலகை மேல் குனிந்திருந்தார். எங்கள் கம்பைலரை வாங்கியவர்கள் எல்லோருக்கும் எழுதிக்கொண்டிருந்தார். காலி வரிசை சேர்த்திருந்தால் இப்போதே எடுத்துவிடுங்கள், நிரல் விழுந்தால் விழட்டும் என்று.