டொபிய விட்டுட்டுப் போறதா?

"அதெல்லாம் சரி நானா, மீசைய வெட்டினது யாரு?"

ஷாமிளா விடுறதா இல்ல. புளத்கொகுபிட்டிய தோட்டத்துல இருந்து பஸ்ஸப் புடிச்சு, மடியில அட்டைப்பெட்டியோட ருவான்வெல்ல வந்து எறங்கியிருக்கா. பெட்டிக்குள்ள டொபி. போன மாசம், இங்க முயல் வளத்து விக்கிற இதே றினாஸ் நானாகிட்ட வாங்குன ரெக்ஸ் ஜாதி முயல். தொட்டா அப்படியே வெல்வெட் துணி. அதுலதான் அவளுக்குச் சந்தேகமே. சாதா முயல மெசின் போட்டு வழிச்சு, மீசையையும் கத்தரிச்சு நம்ம தலையில கட்டிட்டாரோ?

றினாஸ் சிரிச்சுட்டாரு. "அனே தங்கச்சி! இந்த ஜாதிக்கு மீச அப்படித்தான், கட்டையா சுருண்டு கெடக்கும். மயிர வழிச்சிருந்தா இந்நேரம் வளந்திருக்காதா?"

நியாயந்தான். ஆனா ஷாமிளா டொபியோட பின்னங்காலத் தூக்கிக் காட்டினா. உள்ளங்கால் தோலு உரிஞ்சு, செவசெவன்னு புண்ணு. "இதுவும் ஜாதியா? சீக்குப் புடிச்சதக் குடுத்துட்டீங்க."

"கூட்டுக்கு அடியில என்ன போட்ட?"

"கம்பி வலை. புழுக்கையெல்லாம் கீழ விழுந்துரும்ல."

"அங்கதான் பிழ. இதுக்கு உள்ளங்கால்ல மயிர் கம்மி, கம்பி அறுத்துரும். பலக அடிச்சு காஞ்ச புல்லு போடணும். குளிப்பாட்டினியா?"

"வெயிலா இருந்திச்சேன்னு... பேபி சோப்பு போட்டு."

"மையத்தாப் போயிரும் புள்ள, செத்துரும்! வெயிலுன்னா நெழல்ல வை, போதும்."

ஷாமிளாவுக்கு மூஞ்சி சுருங்கிப்போச்சு. இருந்தாலும், எதக் கேட்டாலும் பதில ரெடியா வச்சிருக்குற மனுசன எப்படி நம்புறது?

"ஒரு கெழம, ஏழே நாளு, இங்க விட்டுட்டுப் போ. மருந்து போட்டு ஆத்தித் தாறேன். சல்லி வாணாம், சும்மாவே செய்றேன்."

சல்லி வாணாமாம்! பின்னால கொட்டகைய எட்டிப் பாத்தா, டொபி மாதிரியே பழுப்பு முயலுங்க, அச்சுல வாத்த மாதிரி.

"மாத்திக் குடுத்துட்டா?"

"போட்டோ எடுத்துக்கயேன்."

எடுத்தா. அந்தப் போட்டோவ வச்சுக்கிட்டு கொட்டகையில எதத் தூக்கினாலும் டொபின்னுதான் சொல்லணும்.

அதுக்குள்ள டொபி றினாஸ் மடியில ஏறி கண்ண மூடிக்கிச்சு. "பாத்தியா, என்னைய மறக்கல்ல."

மண்ணாங்கட்டி. பஸ்ஸுல பக்கத்து சீட்டு அக்கா கையிலயும் இப்படித்தான் கெடந்திச்சு. சாது, யாருகிட்டயும் போகும். அத சாட்சியா எடுக்க முடியுமா?

தூக்கிட்டுப் போனா, லயத்து வீட்டுல கூட்டுக்குப் பலக அடிக்கிறதுக்குள்ள புண்ணு முத்திரும். விட்டுட்டுப் போனா, திரும்பி வர்றது டொபிதானா? ரோட்டுல பஸ்காரன் ஹோர்ன் அடிக்கிறான், இவ வெறும் பெட்டியப் புடிச்சுக்கிட்டு நிக்கிறா.

நீங்களா இருந்தா என்னங்க செய்வீங்க, விட்டுட்டுப் போவீங்களா?