மடகாஸ்கருக்கு மூன்று பேர்

இல்வா அம்மாவின் தலையைச் சீவிக்கொண்டிருந்தாள். தலையணையில் அழுந்திச் சிக்காகிக் கிடந்த முடியைப் பிரிக்க ஒரு கையால் தலையை லேசாகத் தூக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. அப்போதுதான் அப்பா நர்ஸிடம் அதைக் கேட்டார்.

"எத்தனை நாள் வச்சிருப்பீங்க?"

நர்ஸ் அப்போதுதான் யாராவது இறந்தால் செய்யும் வழக்கப்படி ஜன்னலைத் திறந்துவிட்டு, மேஜைமேல் மெழுகுவத்தியை ஏற்றி முடித்திருந்தாள். அவளுக்குப் புரியவில்லை.

"எதைக் கேக்கறீங்க ஹில்டிங்?"

"இவளைத்தான். அடக்கம் எப்ப வேணா வச்சுக்கலாமா?"

"ஒரு மாசத்துக்குள்ள வச்சா போதும். எல்லாருமே மூணு வாரம்போல எடுத்துக்குவாங்க. அவசரமே இல்ல."

"அப்ப போயிட்டு வந்துடலாம்," என்றார் அப்பா.

சீப்பு நின்றது. அம்மா கண்ணை மூடி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. இந்த மனுஷன் இங்கே உட்கார்ந்து நாள் கணக்குப் பார்க்கிறார்.

"எங்க போயிட்டு வரப் போற?" என்றாள் இல்வா.

"மடகாஸ்கருக்கு."

நர்ஸ் விவரமானவள். துணி மாற்றுவதாக இருந்தால் வீட்டிலிருந்து ஏதாவது கொண்டு வாருங்கள், நானும் கூட இருந்து மாற்றிவிடுகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

மடகாஸ்கர் என்ற சொல் அப்பாவின் வாயிலிருந்து வந்தது அன்றுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். அதுவரை அவருக்கு அது 'அந்தக் குரங்குத் தீவு'. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து அம்மாவுக்கு அந்தக் கிறுக்கு. மடகாஸ்கருக்கு வடக்கே ஒரு சின்னத் தீவு. படகில்தான் போக வேண்டும். குரங்குபோல இருக்கும் லெமூர்கள் மரத்துக்கு மரம் தாவும், கடலில் இறங்கினால் திமிங்கலச் சுறா பக்கத்திலேயே நீந்தும். குடும்பத்தோடு போய்ப் பார்த்துவிட வேண்டும் என்பாள். ஞாயிற்றுக்கிழமை காப்பிக்கு எல்லோரும் உட்கார்ந்தால், ஏலக்காய் பன் தட்டுக்குப் பக்கத்தில் வரைபடத்தை விரித்துவிடுவாள். இல்வாவின் மகள் தூவாவுக்கு லெமூர் பெயர்களை மனப்பாடம் செய்யும் வேலை. இல்வாவுக்குத் தங்குமிடம் தேடும் வேலை. அப்பாவுக்கு வேலை எதுவும் கிடையாது. ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அந்த ஒரு வார்த்தைதான் வரவில்லை. அங்கே போக நல்ல பருவம் செப்டம்பர். இங்கே செப்டம்பரில் மூஸ் என்னும் பெரிய காட்டு மான் வேட்டை. ஊரே காட்டுக்குள் இருக்கும்போது ஹில்டிங் மட்டும் குரங்கு பார்க்கப் போவதாவது! ஒரு வருஷம் கூரை ஒழுகியது என்றார், ஒரு வருஷம் நாயை யார் பார்ப்பது என்றார், ஒரு வருஷம் முழங்கால் வலி. முழங்கால் வலித்த வருஷமும் பரண்மேல் ஏறி உட்கார்ந்து ஒரு மானைச் சுட்டுக்கொண்டுதான் வந்தார். கடைசியில் அம்மா இந்தக் கோடையில் மூன்று பேருக்கு மட்டும் டிக்கெட் எடுத்தாள். அடுத்த வாரம் கிளம்ப வேண்டும்.

"மூணு டிக்கெட்டுப்பா," என்றாள் இல்வா. "நான், தூவா, அம்மா. அதுல நீ எங்க வந்த?"

"ஒரு இடம் இப்ப..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

"சொல்லு. காலியாத்தான இருக்குங்கற? உயிரோட இருந்தவ பக்கத்துல உக்காந்து வர உனக்கு நேரம் இல்ல. இப்ப அவ இடத்துல ஏறி உக்காந்துக்கலாம்னு பாக்கறியா?"

"புதுசா ஒண்ணு எடுத்துக்கறேன்னு சொல்ல வந்தேன்."

"ஒண்ணும் எடுக்க வேணாம். நானே போகப் போறதில்ல. அவளை இங்க குளிர்ல போட்டுட்டு நான் போய்க் குரங்குக்குக் கையாட்டிட்டு இருப்பேனா? நீ உன் வேட்டைக்கே போ. துப்பாக்கியைத் துடைச்சு வச்சிருப்பியே!"

அம்மா கேட்டுவிடப் போகிறாளே என்று இல்வா குரலைத் தணித்தாள். இனி அவளுக்கு என்ன கேட்கப் போகிறது என்று நினைத்ததும் மறுபடி கத்தினாள்.

"எத்தனை வருஷம்ப்பா! ஒவ்வொரு வருஷமும் உன் முகத்தையே பாத்துட்டு நின்னா. கூரைன்ன, நாய்ன்ன. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, சரி போகலாம்னு சொன்னா உன் வாய் என்ன தேஞ்சா போயிடும்?"

அப்பா எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். கார்ச் சாவியை எடுத்தார். துணி எடுத்து வரப் போகிறார் என்பது அவளுக்குப் புரிந்தது. பதில் சொல்ல வேண்டிய நேரத்தில் எழுந்து போவது அவருக்குப் பழக்கம்தான். கதவருகே நின்று, அவளைப் பார்க்காமல் சொன்னார்.

"இந்த வருஷம் அவ கேக்கல."

"என்ன?"

"வருஷா வருஷம் கேப்பா. இந்த வருஷம் கேக்கவே இல்ல. கேப்பா, சரின்னு சொல்லிடலாம்னு இருந்தேன். வேட்டைக்கு வரலன்னு கூட வர்றவங்ககிட்டச் சொல்லிட்டேன். என் பரணை வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க."

"கேட்டாத்தான் சொல்லுவியா? நீயா சொல்றதுக்கு வாய்ல பூட்டா போட்டிருந்தா?"

அவர் போய்விட்டார்.

இல்வா மறுபடி சீப்பை எடுத்தாள். அம்மா ஏன் கேட்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். ஜூன் மாதம் இவள் வீட்டுச் சமையலறையில், ஹில்டிங்கிடம் கடைசியாக ஒரு தரம் கேட்டுப் பார்க்கட்டுமா என்றாள் அம்மா. "இனிமே அவர்கிட்டக் கெஞ்சாதம்மா, அசிங்கமா இருக்கு. மூணு பேரா போயிட்டு வரலாம்," என்று சொன்னது இல்வா. அம்மா தலையாட்டினாள். அன்று மாலையே டிக்கெட் எடுத்தார்கள். சொன்ன பேச்சைக் கேட்டு நடக்கிறாளே என்று அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தது. இப்போது அந்த அம்மாவைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. யார் என்ன சொன்னாலும் தலையாட்டிவிடுவதா? அப்பாமேல் இருந்த கோபம் ஒரு துளிகூடக் குறையவில்லை. அதோடு இதுவும் சேர்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

அப்பா திரும்பி வந்தபோது மெழுகுவத்தி பாதி உருகியிருந்தது. நர்ஸும் கூடவே வந்தாள். சர்ச்சுக்குப் போட்டுப்போகும் நீல கவுனை அவர் கொண்டு வருவார் என்று இல்வா நினைத்திருந்தாள். பையிலிருந்து வெளியே வந்தது ஒரு பச்சைச் சட்டை. முழங்காலோடு ஜிப் வைத்துக் கழற்றும் கால்சட்டை ஒன்று. பயணத்துக்கென்று அம்மா வாங்கியவை. சட்டையில் கடைச் சீட்டுகூட அப்படியே இருந்தது.

"இதையா?" என்றாள். "பாதிரியார் வந்து பாத்தா என்ன நினைப்பார்?"

"போன வாரம் இதைப் போட்டுக்கிட்டு வந்து டிவி முன்னாடி நின்னா. எப்படி இருக்குன்னு கேட்டா." அப்பா சட்டையைப் பிரித்தார். "மறைக்காதேன்னு சொன்னேன்."

இல்வா வாயைத் திறந்தாள். திட்ட எவ்வளவோ இருந்தது. நர்ஸ் அம்மாவின் தோளைப் பிடித்துத் தூக்க, இவள் ஒரு கையை நுழைத்தாள். மறு கையை அப்பா நுழைத்தார். அவருக்குச் சரியாக வரவில்லை; விரல்கள் சட்டைக் கைக்குள் மாட்டிக்கொண்டன. அவர் அவசரப்படாமல் உள்ளே கைவிட்டு ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டார். இல்வா பொத்தான்களைப் போட ஆரம்பித்தாள்.

"நாளைக்குக் காலையில போய் ஊசி போட்டுக்கோ," என்றாள், நிமிராமல். "மலேரியா மாத்திரையும் நீயே வாங்கிக்கணும். நான் வாங்கித் தர மாட்டேன். வழியில முழங்கால் வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொன்னே, அங்கயே விட்டுட்டு வந்துடுவேன்."

"சரி," என்றார் அப்பா.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கடைசிப் பொத்தானைப் போட்டாள்.

கழுத்துப் பட்டையில் கடைச் சீட்டு மட்டும் பிளாஸ்டிக் நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. இழுத்தால் சட்டை கிழியும் என்றாள் நர்ஸ். கத்தரிக்கோல் எடுத்து வருகிறேன் என்று வெளியே போனாள். அப்பா காத்திருக்கவில்லை. கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்தார். அம்மாவின் கழுத்தோரம் முகத்தை வைத்து, அந்தப் பிளாஸ்டிக் நூலைப் பல்லால் கடித்தார். அது லேசில் அறுபடவில்லை.