சாம்பல் கொட்டிய பாத்திகள்

மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்ததே பெருமை பேசத்தான். நல்ல முடிவு வந்தால் ஸ்கோப்யே நகரசபையில் காட்டி, பக்கத்துக் காலி மனையையும் கேட்கலாம் என்பது பாஞ்சேயின் யோசனை. ருமேனாவும் சரி என்றாள். அடுக்குமாடிக்குப் பின்னால் இருவரும் சேர்ந்து தொடங்கிய தோட்டம். சனிக்கிழமைகளில் முற்றத்தில் மேசை போட்டு உட்கார்வார்கள். கடைக்காய் வேண்டாம், மருந்தடிக்காத நம் காயைச் சாப்பிடுங்கள் என்று போகிறவர் வருகிறவர் எல்லோரிடமும் சொல்வார்கள்.

குளிர்காலத்துக்கெனக் குடைமிளகாய் சுட்டுத் தொக்கு போடும் வாரத்தில் பாஞ்சே போன் செய்தான்.

"ருமேனா, மண்ணுல காரீயம் இருக்காம்."

"எவ்வளவு?"

"ரோட்டோரப் புல்தரையில கூட அவ்வளவு இல்லையாம். கீரையிலதான் நிறைய ஏறுமாம். காயும் வேண்டாங்கறாங்க."

"எங்கேருந்து வந்துச்சு?"

"வேற எங்கேருந்து? சாம்பல்தான். பழைய பெயிண்ட்ல காரீயம் இருக்குமாம்."

ஊரில் பாத்திக்கு அடுப்புச் சாம்பல் போடுவார்கள். இந்தக் கட்டடத்தில் எல்லோருமே ஏதோ ஓர் ஊரிலிருந்து வந்தவர்கள். தோட்டத்து மூலையில் பீப்பாய் வைத்து, சாம்பலைக் குப்பையில் போடாமல் இங்கே கொட்டுங்கள் என்று ருமேனா சொன்னதும் குளிர்காலம் முழுக்கக் கொட்டினார்கள். ஊரில் எரிந்தது ஓக் மரம். இங்கே எரிவது பழைய கதவு, பெயிண்ட் அடித்த சன்னல் சட்டம், மரச்சாமான் பட்டறையில் கழித்துப்போட்ட பலகை. அது எல்லோருக்கும் தெரியும். அந்தப் புகையில்தான் இருமினார்கள். சாம்பலைப் பற்றி மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

ருமேனாவுக்கு மூன்றாம் மாடி எலித்சாவின் நினைவு வந்தது. வயிற்றில் ஆறு மாதம். வசந்தத்தில் சேதி தெரிந்த அன்றே, இனி தோட்டத்துக் கீரையைத் தவிர வேறு தொடாதே என்று அவளிடம் சொன்னவள் ருமேனா. அவளும் அப்படியே செய்தாள்.

முற்றத்தில் எலித்சாவின் அம்மா நெவெங்கா பெரிய பாத்திரத்தில் தோட்டத்துக் குடைமிளகாயில் அய்வார் தொக்கு கிளறிக்கொண்டிருந்தாள். சுற்றிலும் பெண்கள் சுட்ட மிளகாயைத் தோலுரித்தார்கள். எலித்சாவும் இருந்தாள்.

"நெவெங்கா அக்கா, நிறுத்துங்க. இதைச் சாப்பிடக் கூடாது."

"வந்துட்டியா? கையக் கழுவிட்டு உக்காந்து உரி. அப்புறம் பேசு."

"விளையாட்டு இல்லக்கா. தோட்டத்து மண்ணுல காரீயம் இருக்கு."

"போன வாரம் வரைக்கும் கடைக்காய்ல விஷம்னே. இப்ப நம்ம காய்லயா?"

எதிர்க்கட்டடத்து மித்ரே பீர் புட்டியோடு நின்றிருந்தான். "அடுத்த வாரம் ராக்கியாச் சாராயத்துலயும் இருக்குன்னு சொல்லுவா. அத மட்டும் விட்டு வைம்மா, தாயே."

பெண்கள் சிரித்தார்கள்.

"நாம கொட்டின சாம்பல்லேருந்து வந்தது" என்றாள் ருமேனா.

நெவெங்காவின் கரண்டி நிற்கவில்லை. "என் வீட்டுச் சாம்பலா?"

"எல்லார் வீட்டுச் சாம்பலும்."

"கொட்டச் சொன்னது யாரு? நீதானே? சரி, ஜனவரியில சன்னலத் திறந்து வச்சு மூச்சு விட்டுப் பாரு. அதுல இல்லாததா இதுல இருக்கப் போகுது?"

எலித்சா எழுந்தாள். கையெல்லாம் கரி. "நான் தின்ன கீரை?"

"ரத்தம் பாக்கணும். டாக்டர்கிட்ட நான் கூட்டிட்டுப் போறேன்."

"பாத்தா? உள்ள போனது வெளிய வந்துருமா?"



"வயித்துப் புள்ளக்காரிய பயமுறுத்தாத" என்றாள் நெவெங்கா. "போ."

ருமேனா தோட்டத்துக்குப் போனாள். செடிகளைக் காயோடு பிடுங்கிக் குப்பைத் தொட்டியில் போட்டாள். இரண்டு பாத்தி முடிவதற்குள் ஆட்கள் வந்துவிட்டார்கள். ஒருத்தி தொட்டிக்குள் குனிந்து காய்களைப் பறித்துப் பையில் போட்டாள். ருமேனா கீழே விழுந்தவற்றை மிதித்தாள். மித்ரே அவள் தோளைப் பிடித்து மெதுவாக நகர்த்தினான்.

"பாவம்மா, சாப்பாட்ட மிதிக்காத. உனக்கு வேண்டாம்னா விடு."

வேலிக்கு அந்தப் பக்கம் எலித்சா நின்றாள். "அக்கா, நீங்க சொன்னத எப்பவும் கேட்டிருக்கேன். இனிமே எதைத்தான் சாப்பிடட்டும்?"

"கடையில வாங்கு."

"அதுல என்னென்ன இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க."

"சொன்னேன்."

"அது பொய்யா?"

"இல்ல."

 எலித்சா முற்றத்துக்குத் திரும்பி முக்காலியில் உட்கார்ந்தாள். ருமேனா பின்னாலேயே வந்தாள். நெவெங்கா ரொட்டியைப் பிய்த்து, பாத்திரத்தில் தோய்த்து, ஊதி, மகள் வாயருகே நீட்டினாள்.

"உப்பு போதுமா பாரு, கண்ணு."

எலித்சா ருமேனாவைப் பார்க்கவில்லை. வாயைத் திறந்தாள்.