பதினாலாவது குழி ஷட்டர்

வெள்ளைக்காரன் காலத்தில் கடலோரம் போட்ட கோல்ஃப் மைதானம் அது. மும்பையில், டிராம்பே பக்கம். மூன்று புறமும் அலையாத்திக் காடு. அந்தக் காட்டில் ஒரு கொப்பை ஒடித்தால் கேஸ். கொக்குக்கும் நாரைக்கும்கூடக் காவல் உண்டு. மிச்சமிருந்த ஒரு புறத்தில், மதிலுக்கு வெளியே, சாக்கடைக் கரையில் முந்நூறு வீடுகள். அவற்றுக்கு மட்டும் காவலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அதில் ஒரு வீடு நயினாருடையது.

இருபத்திரண்டு வருஷமாக அவர் அந்த மைதானத்தில் மாலி, அதாவது தோட்டக்காரர். புல் வெட்டுவது போக, அவருக்கென்றே ஒரு வேலை இருந்தது. குடியிருப்பின் சாக்கடை மைதானத்துக்குள் நுழைந்து, பதினாலாவது குழியை ஒட்டி ஓடி, ஓர் இரும்பு ஷட்டர் வழியாகக் காட்டுக்குள் போய்க் கடலில் சேரும். கடல் ஏறும்போது ஷட்டரை இறக்க வேண்டும், இல்லாவிட்டால் உப்புத் தண்ணீர் புல்லைக் கருக்கிவிடும். கடல் வடிந்ததும் தூக்க வேண்டும், இல்லாவிட்டால் சாக்கடை எதிர்த்து வீடுகளுக்குள் ஏறும். அமாவாசை, பௌர்ணமி பார்த்து, நாள்காட்டித் தாளைக் கிழிக்கும்போதே நயினார் நேரத்தைச் சொல்லிவிடுவார். சாவி அவர் இடுப்பில்தான் இருக்கும்.

அந்தச் சனிக்கிழமை நூற்றாண்டுப் போட்டி. அமாவாசையும்கூட. பருவம் தப்பிய மழை காலையிலிருந்து கொட்டு கொட்டென்று கொட்டி, ஒரு மணிக்கு வெறித்தது. விருந்தாளிகள் மறுபடி மட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். பக்கத்து மலையிலிருந்து இறங்கிய தண்ணீர் மட்டும் சாக்கடையில் வந்துகொண்டே இருந்தது.

இரண்டு மணிக்கு அடுத்த வீட்டுச் சொர்ணம்மாள் போன் செய்தாள்.

"அண்ணாச்சி, தண்ணி வாசப்படி தாண்டிட்டு. மதினியை நான் ஒருத்தியா எப்படித் தூக்க? ஆம்பளை ஒருத்தரும் இல்ல, எல்லாரும் வேலைக்குப் போயிட்டாவ."

மதினி என்றது நயினாரின் மனைவி கோமதியம்மாளை. பக்கவாதம் வந்து ஒன்றரை வருஷமாகக் கட்டிலே கதி. வலது பக்கம் சுத்தமாக வராது.

"கட்டிலுக்கு மூணு செங்கல் முட்டுக் குடுத்திருக்கேன். மெத்தைக்குத் தண்ணி வராது. அவளை அசையாம கெடக்கச் சொல்லு. நான் இந்தா தொறந்திருதேன்."

"சரி. நான் புள்ளைகளை மாடியில ஏத்திட்டு வந்து பாக்கேன்."

ஷட்டருக்கு அந்தப் பக்கம் அலையாத்தி வேர்கள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டின. கடல் வடிந்துவிட்டது. நயினார் பூட்டில் சாவியைப் போட்டபோது பேட்டரி வண்டி வந்து நின்றது. கிளப் செகரட்டரி சந்திரமௌலி இறங்கினார். மாட்டுங்காத் தமிழர்.

"இப்போ திறக்காதேப்பா. அந்தக் கறுப்புத் தண்ணி நாத்தம் குடலைப் பிடுங்கும். கெஸ்ட் எல்லாம் பன்னெண்டாவது ஹோல்ல இருக்கா. பதினாலைத் தாண்டிப் போகட்டும். அரைமணிதான்."

"சார், வீட்டுக்குள்ள தண்ணி ஏறிட்டு. அவ தனியா கெடக்கா."

"அரைமணியில என்ன ஆயிடப் போறது? நூறு வருஷத்துக்கு ஒரு நாள், நயினார்."

சந்திரமௌலி பொல்லாதவர் அல்ல. கோமதியம்மாளுக்கு இழுத்துக்கொண்ட அன்று நாலு இடத்துக்குப் போன் போட்டு ஆஸ்பத்திரியில் கட்டில் வாங்கிக் கொடுத்தவர். அந்த நன்றிதான் நயினாரின் கையைக் கட்டியது. பொல்லாதவனாக இருந்திருந்தால் போடா என்று திறந்திருப்பார். போதாததற்குத் தன் கணக்கின் மேல் அவருக்கு அசையாத நம்பிக்கை. ஒரு மணி நேரத்துக்கு ஒரு செங்கல் உயரம், அதற்கு மேல் ஏறாது. சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டு நின்றார்.

அரைமணி ஐம்பது நிமிஷமாயிற்று. விருந்தாளி ஒருவரின் பந்து காட்டுக்குள் விழுந்தது. உள்ளே கால் வைக்கக் கூடாது என்று போர்டு இருக்கிறதே! வேலியோரம் நின்றபடியே பந்தைத் தேடினார்கள், கொக்கைப் படமெடுத்தார்கள், சிரித்தார்கள். நயினார் சொர்ணம்மாளுக்குப் போன் போட்டார்; மணி அடித்து அடித்து நின்றது, எடுக்கவில்லை. ஆனாலும் நின்றார்.

அவர்கள் நகர்ந்ததும் ஷட்டரைத் தூக்கினார். கறுப்புத் தண்ணீர் பாய்ந்தது. நயினார் ஓடினார்.

வீட்டு வாசலில் சொர்ணம்மாள் தலையில் அடித்துக்கொண்டு நின்றாள். "இப்பதான் அண்ணாச்சி வந்தேன். கட்டில்ல காணோம்னு பாத்தா..."

நயினாரின் கணக்கு தப்பவில்லை. மெத்தையில் ஒரு பொட்டு ஈரமில்லை. தண்ணீர் முழங்காலுக்குக் கீழேதான். கோமதியம்மாள் கட்டிலுக்குப் பக்கத்தில் அந்தத் தண்ணீரில் குப்புறக் கிடந்தாள். புரட்டினார். உடம்பு சில்லிட்டிருந்தது.

எதற்கு இறங்கினாள் என்று தெரியாமல் கட்டிலைப் பார்த்தார். தலையணை மேல் ஒரு பிளாஸ்டிக் பை இருந்தது. மறுநாள் பரிசளிப்பு விழாவுக்காக மாலிகளுக்கெல்லாம் கொடுத்த புதுப் பச்சைக் கோட்டு. காலையில் கட்டிலுக்கு அடியில் அவர்தான் வைத்துவிட்டுப் போனார். முந்தின நாள் அதை அவருக்குப் போடச் சொல்லி, இடது கையால் பித்தளைப் பொத்தானைத் தடவி, "மாப்பிள்ளை கணக்கா இருக்கீய" என்று வாய் கோணச் சிரித்தவள் அவள். அது நனையக் கூடாதென்று, வராத காலை ஊன்றி இறங்கி, பையை மேலே போட்டிருக்கிறாள். திரும்ப ஏறத்தான் முடியவில்லை.

நயினார் பையைக் கிழித்துக் கோட்டை எடுத்தார். சேறும் தண்ணீருமாகக் கிடந்தவள் மேல் அதைப் போர்த்தினார்.

"நாளைக்குப் போட வேணுமே, அண்ணாச்சி" என்றாள் சொர்ணம்மாள், என்ன சொல்கிறோம் என்று தெரியாமலே.

"நனையட்டும்" என்றார் நயினார்.