ஜிப்புக்குப் போட்ட பூட்டு

கூடாரத்தைப் பார்த்ததும் பூட்டுக்காரர் முதலில் தேடியது கதவை. கதவு இல்லை. கனத்த கித்தான் துணியில் வளைவாக ஒரு ஜிப், தலைக்கு மேலிருந்து தரை வரைக்கும். இழுத்தால் திறக்கும், திரும்ப இழுத்தால் மூடும். யார் இழுத்தாலும் திறக்கும் என்பதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

“சட்டைப்பையே இதைவிடப் பத்திரமா இருக்கும்” என்றார்.

மனைவி போர்வையை எடுத்து உதறிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி நாற்பது வருஷம் ஆனதற்கு மகளும் மாப்பிள்ளையும் சேர்ந்து கொடுத்த பரிசு இந்த ஏரிக்கரை. மூன்று நாள், இரண்டு கட்டில், ஒரு அடுப்பு, நாலு எட்டு வைத்தால் தண்ணீர். படகில் போங்கள், மரத்தடியில் உட்காருங்கள், சும்மா கிடந்துவிட்டு வாருங்கள் என்று மகள் சொல்லி அனுப்பியிருந்தாள். சும்மா கிடப்பதற்கு எதற்கு இவ்வளவு தூரம் வர வேண்டும் என்று பூட்டுக்காரருக்குப் புரியவில்லை. நம்மை வெளியே அனுப்பிவிட்டு வீட்டில் மாப்பிள்ளை என்ன உருட்டப் போகிறானோ என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்தார். யோசித்ததை வாய்விட்டும் சொன்னார்.

வினை அங்கேதான் பிடித்தது. மனைவி ஜன்னல் பக்கம் பார்த்தபடியே, குரலை உயர்த்தாமல், துணி அளவு சொல்வது போலச் சொன்னாள்.

“என் தையல் மெஷின் ரிப்பேருக்குப் போகலைங்க. மகள் வீட்டுக்குப் போயிருக்கு. எனக்குன்னு ஒரு ரூம் ஒழிச்சு வெச்சிருக்கா. இந்த மூணு நாள் நீங்க யாரையும் திருடன்னு சொல்லாம, என்னையும் காவல் காக்காம இருந்தீங்கன்னா மெஷின் நம்ம வீட்டுக்குத் திரும்பி வரும். இல்லேன்னா நான் அங்க போயிடுவேன். மிரட்டலை. சொல்றேன்.”

பூட்டுக்காரர் ஆடிப்போனார். அந்த மெஷினை வேனில் ஏற்றிவிட்டதே அவர்தான். தெருவில் ஒருத்தரையும் விடாமல் சந்தேகப்பட்ட மனுஷன், பெல்ட் தேய்ந்துவிட்டது என்று பெண்டாட்டி சொன்னதை மட்டும் நம்பி, மூச்சுப் பிடித்துத் தூக்கிக் கொடுத்திருக்கிறார்.

காவல் என்று அவள் எதைச் சொன்னாள் என்பதும் அவருக்குத் தெரியும். மத்தியானம் சாப்பிட்டு அவள் கண்ணயரும் நேரத்தில் அவர் கடைக்குத் திரும்புவார். போகும்போது முன்வாசலை வெளியே பூட்டிக்கொண்டு போவார். பின்வாசலில் உள்பக்கம் எப்போதுமே பூட்டு தொங்கும். இரண்டு சாவியும் அவர் இடுப்பில். தூங்குகிறவளுக்கு எதற்குச் சாவி என்று கேட்பார். எழுந்துவிட்டால்? எழுந்தால் தைக்க வேண்டியதுதானே, ஆறு மணிக்கு நான் வந்துவிட மாட்டேனா? அதைப் பாதுகாப்பு என்று அவர் சொன்னார். அவள் ஒரு சில வருஷம் சண்டை போட்டாள், பிறகு விட்டுவிட்டாள். விட்டதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

முதல் நாள் சாயங்காலம் வரைக்கும் வாயைக் கட்டிக்கொண்டு ஓட்டினார். ஆனால் மனம் சும்மா இருக்குமா? பையைப் பிரித்து வைக்கும்போதே ஜிப்பைத் தடவிப் பார்த்தார். அதற்கு இரண்டு இழுப்பான்கள். இரண்டின் நுனியிலும் ஓட்டை. இரண்டையும் சேர்த்துவைத்து ஓட்டைக்குள் ஒரு வளையத்தை நுழைத்தால் தீர்ந்தது கதை. அவர் பையில் கட்டைவிரல் அளவில் ஒரு பித்தளைப் பூட்டு இருந்தது, அவரே கையால் அரம் போட்டு ராவிச் செய்தது. பொருத்திப் பார்த்தார். பிசகாமல் உட்கார்ந்தது. வந்ததிலிருந்து முதல் தடவையாக அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது.

மனைவி அதையும் பார்த்துவிட்டாள். இரண்டு பேரும் வெளியே போனால் போட்டுக்கொள்ளுங்கள், நான் உள்ளே இருக்கும்போது அந்த இழவு என் கண்ணில் படக்கூடாது என்றாள். சரி என்றார். சரி என்பது அவருக்குச் செலவில்லாத வார்த்தை.

பக்கத்துக் கூடாரத்தில் ஒரு பல் டாக்டரும் அவர் வீட்டம்மாவும் இருந்தார்கள். டாக்டர் கலகலப்பான ஆள். அன்று சாயங்காலம் வந்து கை குலுக்கினார், மடக்கு நாற்காலி கொடுத்தார், எத்தனை நாள் தங்குவீர்கள், எப்போது படகில் போவீர்கள் என்றெல்லாம் விசாரித்தார். நாம் எப்போது போனால் இவனுக்கு என்ன? இதுதான் பூட்டுக்காரருக்கு உதைத்தது. அந்த ஆள் தலை மறைந்ததும் மனைவியிடம் முணுமுணுத்தார்.

“பல்லைப் பிடுங்கிப் பழகுன கை. எது கிடைச்சாலும் பிடுங்கும்.”

“ஒண்ணு” என்றாள் மனைவி. எண்ண ஆரம்பித்துவிட்டாள் என்று புரிந்து வாயை மூடிக்கொண்டார்.

இரண்டாம் நாள் காலையில் நாலு பேரும் ஒரே படகில் போனார்கள். மனைவி துடுப்பு போட்டாள். வாழ்க்கையில் அதுவரை துடுப்பைத் தொட்டவள் இல்லை. மெஷின் மிதித்த காலும் கத்திரி பிடித்த கையும் அதற்குச் சரியாக வந்தன. டாக்டர் வீட்டம்மா ஏதோ சொல்ல, அவள் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பூட்டுக்காரர் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. அதைக் கேட்டுச் சந்தோஷப்பட வேண்டிய மனுஷன், படகின் பின்பலகையில் தலையைத் திருப்பி உட்கார்ந்துகொண்டு கரையில் தெரிந்த கூடாரத்தையே முறைத்துக்கொண்டிருந்தார். ஏரியைப் பாருங்கள் என்று டாக்டர் சொன்னதற்கு, ஏரியை எவனும் தூக்கிக்கொண்டு போக மாட்டான் என்றார். டாக்டர் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை.

“ரெண்டு” என்றாள்.

மத்தியானம் முட்டையும் சோறும் சாப்பிட்டுவிட்டு மனைவி கட்டிலில் சாய்ந்தாள். துடுப்பு போட்ட அசதி, படுத்ததும் குறட்டை வந்துவிட்டது. பூட்டுக்காரர் வாசலில் குந்தியிருந்தார். அப்போது டாக்டர் தன் கூடாரத்திலிருந்து வெளியே வந்தார். கையில் நீளமாக ஏதோ துணியில் சுற்றியிருந்தது. இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு மரங்களுக்கு நடுவே, மற்ற கூடாரங்கள் இருக்கும் பக்கமாக, சத்தமில்லாமல் நடந்தார்.

ஆள் சிக்கினான் என்று பூட்டுக்காரர் எழுந்தார். இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்துக் காட்டினால் ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறவள் வாயடைத்துப் போவாள். எழுந்தவர் ஜிப்பை இழுத்து மூடினார். இரண்டு இழுப்பான்களையும் சேர்த்தார். பூட்டு சட்டைப்பையில்தான் இருந்தது. சொடக்கு.

கை தன்னால் செய்தது என்று பிறகு சொன்னார். கைக்குக் கற்றுக்கொடுத்தது யார்?

டாக்டர் மற்ற கூடாரங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கரையோரமாக நடந்துகொண்டே இருந்தார். பூட்டுக்காரர் புதர் மறைவில் பின்தொடர்ந்தார். காலில் முள் குத்தியது, சகித்துக்கொண்டார். ஏரியின் அடுத்த முனைக்குப் போய் டாக்டர் துணிச்சுற்றைப் பிரித்தார். உள்ளே தூண்டில். அதைத் தண்ணீரில் போட்டுவிட்டு மரத்தில் சாய்ந்தார். ஒரு மணி நேரத்தில் ஒரு மீன்கூடச் சிக்கவில்லை. டாக்டர் தூங்கிப்போனார். நடிக்கிறான் என்று பூட்டுக்காரர் இன்னொரு அரை மணி நேரம் குந்தியிருந்தார். கடைசியில் ஒரு காக்கை வந்து டாக்டருடைய ரொட்டியைத் தூக்கிக்கொண்டு போனதுதான் அன்றைக்கு அங்கே நடந்த ஒரே திருட்டு.

திரும்பி வரும்போது வெயில் இறங்கத் தொடங்கியிருந்தது. தூரத்திலிருந்தே பூட்டைப் பார்த்தார். போட்டபடியே தொங்கியது. மனசுக்கு நிம்மதியாக இருந்தது. எழுந்திருக்க மாட்டாள், எழுந்திருந்தாலும் தெரிந்திருக்காது. மெல்லத் திறந்து ஜிப்பை இழுத்தார்.

கட்டில் காலி. அவள் பையும் இல்லை. உள்ளே இருட்டாக இருக்க வேண்டிய இடத்தில் வெளிச்சம் அடித்தது. பின்சுவர் இரண்டாகப் பிரிந்து, காற்றில் மெதுவாக அசைந்துகொண்டிருந்தது. நடுவில் ஏரி தெரிந்தது.

கிட்டே போய்த் தொட்டுப் பார்த்தார். கித்தானில் ஒரு கீறல் இல்லை. இரண்டு துணியும் சேரும் தையலை மட்டும், கைப்பையில் வைத்திருக்கும் குட்டிக் கத்திரியால், மேலிருந்து கீழ்வரைக்கும் ஒவ்வொரு கண்ணியாகப் பிரித்திருந்தாள். பிரித்த நூலைக்கூடக் கண்டபடி போடவில்லை. சுருட்டி அவர் தலையணைமேல் வைத்திருந்தாள்.

நடந்ததை டாக்டர் வீட்டம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டார். உச்சி வெயிலில் கித்தான் கொதித்திருக்கிறது. மனைவி ஒன்றுக்குப் போக எழுந்து ஜிப்பை இழுத்துப் பார்த்திருக்கிறாள். முதலில் அவரைக் கூப்பிட்டாளாம். பிறகு யாராவது இருக்கிறீர்களா என்று கூப்பிட்டாளாம். டாக்டர் வீட்டம்மா ஓடி வந்து பார்த்துவிட்டு முகாம் மேஸ்திரியை அழைத்து வந்தாள். அந்த ஆள் பூட்டை உடைக்கச் சுத்தியல் கொண்டுவந்தார். உள்ளேயிருந்து மனைவி, அது உடையாது, என் வீட்டுக்காரர் செய்தது, நேரத்தை வீணாக்காதீர்கள் என்றாளாம். கூடாரத்தைப் பாழாக்காமல் நான் வெளியே வருகிறேன், பின்பக்கம் வந்து நில்லுங்கள் என்றும் சொன்னாளாம். நாலு பேர் நின்று வேடிக்கை பார்க்க, அறுபது வயசுப் பெண்பிள்ளை சுவருக்குள்ளிருந்து வேர்த்து வழிய வெளியே வந்திருக்கிறாள்.

இப்போது அவள் தண்ணீருக்குப் பக்கத்தில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தலை ஈரம். கையில் டீ. பூட்டுக்காரர் வந்து நின்றதும் நிமிர்ந்து பார்த்தாள், பஸ்ஸுக்கு நிற்கிறவள் தப்பான பஸ்ஸைப் பார்ப்பது போல.

ரொம்ப நேரம் ஆகவில்லை என்று அவர் ஆரம்பித்தார். அந்த ஆள் நடமாட்டம் சரியில்லாமல் இருந்தது, உன் நல்லதுக்குத்தான் போட்டேன் என்றார். டாக்டர் தூண்டிலும் தோளுமாக அப்போதுதான் வந்து சேர்ந்தார். தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று அவருக்குத் தெரியாது. மீன் இல்லை என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னார்.

மனைவி டீயை மணலில் வைத்தாள். கைப்பையைத் திறந்து ஒரு சாவியை எடுத்து நீட்டினாள்.

“இந்தாங்க. இனிமே இது எனக்கு வேண்டாம்.”

“என்ன சாவி?”

“பின்வாசல் சாவி. இருபத்திரண்டு வருஷமா என்கிட்ட இருக்கு. நீங்க பூட்டிட்டுக் கடைக்குப் போவீங்க. நான் திறந்துக்கிட்டு மார்க்கெட் போவேன், என் தங்கச்சியைப் பாப்பேன், பார்க்ல உக்காந்திருப்பேன். அஞ்சே முக்காலுக்குத் திரும்பி வந்து பூட்டிக்குவேன். இங்கதான் பின்வாசல் இல்லை.”

பூட்டுக்காரர் சாவியை வாங்கினார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பல்லை நகத்தால் தடவினார். அவர் முகம் கறுத்தது.

“இதை எவன் வெட்டினான்?”

மனைவி கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். பிறகு டாக்டர் வீட்டம்மா பக்கம் திரும்பி, “பாத்தீங்களா அக்கா?” என்றாள். “மனுஷன் கேக்கறதைப் பாருங்க.”

“கேட்டதுக்குப் பதில் சொல்லு.”

“தபால் ஆபீஸ் எதிர்ல சாவி வெட்ட உக்காந்திருக்காரே, முன்னே நம்ம கடையில வேலை பார்த்தவர், அவர்தான். நீங்க திருடன்னு சொல்லி இருபத்திரண்டு வருஷமா பேசாத ஆள். நல்லா வெட்டியிருக்காரு. ஒரு நாள்கூட மக்கர் பண்ணலை.”

ஏன் என்று அவர் கேட்டிருக்கலாம். அதற்குத்தான் அவள் அந்தக் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். கேட்கவில்லை. அந்தத் திருட்டுப் பயலிடமா போனாய், என் பூட்டுக்கு அவன் கையாலா சாவி என்று கத்தினார். ஊரில் தலை காட்ட முடியாமல் பண்ணிவிட்டாய் என்றார். கூடவே வாழ்ந்துகொண்டு குழி பறித்தவள் என்றார். டாக்டர் நாற்காலியை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய்விட்டார்.

“மூணு” என்றாள் மனைவி. அதற்கு மேல் எண்ணவில்லை.

போனால் போ என்றார். எவன் தடுத்தான் உன்னை, அங்கே போய் மாப்பிள்ளைக்குக் கால்சட்டை தைத்துக்கொண்டு கிட என்றார். சொல்லிவிட்டு விடுவிடுவென்று கூடாரத்துக்குள் போய் ஜிப்பை இழுத்து மூடிப் படுத்துக்கொண்டார். பின்சுவர் திறந்துதான் கிடந்தது. மறுபக்கம் திரும்பிப் படுத்தார்.

பொழுது சாயும் நேரத்தில் பின்னால் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தார். மனைவி வெளியே குந்தி உட்கார்ந்து இரண்டு துணியையும் சேர்த்துப் பிடித்திருந்தாள். வாடகைக் கூடாரம், கெடுத்ததைச் சரிபண்ணித் தருகிறேன் என்று மேஸ்திரியிடம் சொல்லியிருக்கிறாள். மேஸ்திரி கொடுத்த பெரிய ஊசி, மெழுகு தடவிய நூல். கீழேயிருந்து தைத்துக்கொண்டு வந்தாள். ஊசியின் முனை உள்ளே எட்டிப் பார்க்கும், திரும்பிப் போகும். ஒவ்வொரு தையலுக்கும் ஏரி கொஞ்சம் குறைந்தது. முதலில் தண்ணீர் மறைந்தது, பிறகு படகு, பிறகு அவள் முழங்கை, பிறகு முகம்.

தையல் அவர் தலை உயரத்துக்கு வந்தபோது கேட்டார்.

“நாளைக்கு பஸ் எத்தனை மணிக்கு?”

“உங்களுக்கு ஒம்பதரைக்கு” என்றாள் துணிக்கு அந்தப் பக்கமிருந்து. “எனக்கு நாளான்னிக்கு. எனக்கு இன்னும் ஒரு நாள் பாக்கி இருக்கு. டாக்டரம்மா துடுப்புக்கு ஆள் வேணும்னாங்க.”

“வீட்டுக்கு?”

கடைசி முடிச்சைப் போட்டு அவள் நூலைப் பல்லால் கடித்து அறுக்கும் சத்தம் கேட்டது. மணலில் செருப்பு தேய்ந்து தேய்ந்து தூரமாகப் போனது.

பூட்டுக்காரர் எழுந்து தையலை இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. மெஷின் தையலைவிடக் கெட்டி. கட்டிலில் உட்கார்ந்து, உள்ளே மிச்சமிருந்த மங்கல் வெளிச்சத்தில் அந்தச் சாவியை மறுபடியும் எடுத்தார். ஒரு குறையாவது இருக்கும் என்று தேடினார். மூன்றாவது பல்லை மட்டும் கொஞ்சம் ஆழமாக ராவியிருந்தான். அது தப்பு இல்லை. அவர் பூட்டு அந்த இடத்தில் லேசாகப் பிடிக்கும். அது தெரிந்துதான் ராவியிருந்தான்.

வெளியே படகுத்துறைப் பக்கம் யாரோ சிரித்தார்கள். யார் என்று பார்க்க அவர் எழுந்திருக்கவில்லை. இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து, பின்வாசல் சாவிக்குப் பக்கத்தில் இந்தச் சாவியையும் கோத்து, வளையத்தை இறுக்கி மூடினார்.