ஷௌகத் வீட்டுக் கோடை

கணவாய் எழுபத்து மூன்று நாள் மூடிக் கிடந்த வருடம், எங்கள் ஊரில் ஷௌகத் வீட்டுக் கோர்சிக்கு அடியில் கோடைகாலமாக இருந்தது. மண்ணெண்ணெய் டின் ஒன்பது தூமானுக்கு ஏறியதும், பள்ளிவாசல் கூரையின் கிழக்கு மூலை பனியின் பாரம் தாங்காமல் இறங்கியதும் அதே வருடம்தான். கோர்சி எல்லார் வீட்டிலும் உண்டு. முழங்கால் உயர மேசை, அடியில் சாம்பல் போர்த்திய கணப்புச் சட்டி, மேலே நான்கு பக்கமும் வழியும் பெரிய போர்வை. சுற்றி உட்கார்ந்து கால்களை உள்ளே நீட்டிக்கொண்டால் குளிர்காலம் வாசலோடு நின்றுவிடும். ஷௌகத் வீட்டில் மட்டும் நீட்டிய கால்களுக்குப் புல் தட்டுப்பட்டது. வெயிலில் சுட்ட கல் தட்டுப்பட்டது, இன்னும் கொஞ்சம் நீட்டினால் ஓடைத் தண்ணீர் கணுக்கால் வரை ஏறியது. வெளியே எடுத்தால் பாதத்தில் மல்பெரிக் கறையும் நாலைந்து கொசுக்கடியும் இருந்தன. போர்வையைத் தூக்கிப் பார்த்தவர்களுக்குக் கணப்புச் சட்டியைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. தீர் மாதத்து உச்சக் கோடை இது, கறையைப் பார்த்தாலே தெரிகிறது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். அதற்குமேல் அதில் பேச ஒன்றும் இருக்கவில்லை.

பேச இருந்தது ஒருத்திக்குத்தான். அவள் கெஷ்வர், ஷௌகத்தின் மூத்த ஓரகத்தி. எங்கள் ஊர் செங்குத்தான மலையில் படிபடியாக ஏறுவது. கீழ்வீட்டுக் கூரைதான் மேல்வீட்டுக்கு முற்றம். கெஷ்வரின் முற்றம் ஷௌகத்தின் கூரை. ஆக அந்தக் கோடை கெஷ்வரின் காலடியிலேயே நடந்துகொண்டிருந்தது, அவளுக்கு ஒரு துளி இல்லாமல். முற்றத்துப் பனியாவது உருகுகிறதா என்று தினமும் குச்சியை விட்டுப் பார்த்தாள். உருகவில்லை. பதினோரு குளிர்காலமாக ஊர் கூடியது இவள் வீட்டுக் கோர்சியைச் சுற்றித்தான். வாதுமை மர மேசை, சிவப்பு வெல்வெட் மேல்விரிப்பு, மாதுளை, வறுத்த கடலை, பகல் முழுக்கத் தேநீருக்குக் கொதிக்கும் சமோவார். கதவுக்கு எதிர்ப்பக்கம் யார், கதவோரம் யார் என்று இடம் ஒதுக்கியதும் இவள்தான். இப்போது கடலை கிண்ணத்தில் நமுத்துப்போயிற்று. பனியைக் குடைந்து ஊரார் போட்ட சுரங்கப் பாதைகள் எல்லாம் ஷௌகத் வீட்டுக்கே போய்ச் சேர்ந்தன.

ஊரைக்கூடத் தொலையட்டும் என்று விட்டிருப்பாள். அவளால் தாங்க முடியாதது யதுல்லாவின் வலது கால். அவள் கணவன் யதுல்லா கோவேறு கழுதைகள் ஓட்டுகிறவன். இரண்டு வருடம் முன்பு கணவாயில் மாட்டிக்கொண்டு அந்தக் காலில் இரண்டு விரல்களைப் பனிக்குக் கொடுத்துவிட்டு வந்தான். அதிலிருந்து குளிர் வந்தால் இல்லாத விரல்கள் வலிக்கும். ஒவ்வொரு சாயங்காலமும் ஆட்டுவால் கொழுப்பை உருக்கி, அந்தப் பாதத்தை மடியில் வைத்து அவன் கண் சொருகும்வரை கெஷ்வர் தேய்த்துவிடுவாள். பிள்ளைகள் இல்லாத வீட்டில் அது அவளுக்கென்று இருந்த வேலை. இந்த வருடம் யதுல்லா தம்பி வீட்டுக்குச் கழுதைச் சேணத்து வாரைப் பற்றிப் பேசிவிட்டு வருகிறேன் என்று காலையில் இறங்கினால், சாயங்காலம் விரலிடுக்கில் புல்லோடு ஏறி வந்தான். அவள் கொழுப்புக் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தபோது, "இன்னிக்கி வேணாம் கெஷ்வர், வலியே இல்ல" என்றான். மறுநாளும் அதையே சொன்னான். கிண்ணத்தில் கொழுப்பு உறைந்துகிடந்தது.

ஒருநாள் சல்லடை கேட்கும் சாக்கில் அவளே கீழே இறங்கினாள். பதினாறு பேர் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். இவள் காலைப் பாவாடைக்குள் மடக்கிக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள்.

"என்னக்கா விருந்தாளி மாதிரி? காலை உள்ள நீட்டுங்க" என்றாள் ஷௌகத்.

"ஏன், என் வீட்டுல கரி தீந்துபோச்சுன்னு யாராவது சொன்னாங்களா? சல்லடையக் குடு, நான் போறேன்."

"நீட்டினா கால் ஒண்ணும் தேஞ்சுடாது."

"ஊரான் வீட்டுக் கொசுவெல்லாம் என் காலைக் கடிக்கணுமாக்கும்!"

சல்லடையோடு வீடு திரும்பியவளுக்கு ஒரு விஷயம் உறைத்தது. போன தீர் மாதம் இருவரும் ஓடைக்கரை மல்பெரி மரத்தடியில்தான் போர்வைக்கான ஆட்டுமயிரைக் கழுவினார்கள். கெஷ்வர் தன்னுடையதை மூன்று நாள் நிழலில் காயவைத்து, தூசி தும்பு பொறுக்கி, பிறகுதான் அடைத்தாள். ஷௌகத்தோ கரையில் வெயிலில் கிடந்ததைப் புல்லும் பழமுமாக அப்படியே வாரிச் சுருட்டித் தைத்துவிட்டாள். சோம்பேறிக் கழுதை என்று ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தவள் கெஷ்வர். இப்போது அவள் தன் போர்வையைப் பிரித்தாள். கழுதைக் கொட்டிலிலிருந்து காய்ந்த புல், பானையிலிருந்து உலர்ந்த மல்பெரி, ஓடைக் கூழாங்கல் மூன்று, எல்லாவற்றையும் உள்ளே திணித்துத் தைத்தாள். நான்கு நாள் காலை நீட்டிக் காத்திருந்தாள். அரிப்புத்தான் வந்தது.

அதன்பிறகுதான் பனிக்கிண்ணத்தை நினைத்தாள். பருவத்தின் முதல் பனி விழுந்ததும், துணியால் மூடிய கிண்ணத்தில் பனியை வைத்து, 'பனி எங்களுடையது, விருந்து உங்களுடையது' என்று சீட்டெழுதி அடுத்த வீட்டுக்கு அனுப்புவது எங்கள் வழக்கம். வாங்கியவர் சுதாரிப்பதற்குள் கொண்டுவந்தவர் வாசல் தாண்டிவிட்டால், சீட்டில் கேட்டதை வாங்கியவர் கொடுத்தாக வேண்டும். பிடிபட்டால் கொண்டுவந்தவர் முகத்தில் கரியைப் பூசி, அனுப்பியவரிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். முதல் பனி விழுந்து நாற்பது நாளுக்கு மேல் ஆகியிருந்தது. ஆனால் ஒன்பது நாள் வெறித்துவிட்டு அன்று காலை மறுபடி விழுந்திருந்தது. குளிர்காலத்தின் பெரிய நாற்பது நாள் முடிந்து சின்ன இருபது நாள் பிறந்துவிட்டதால் இதுவும் முதல் பனிதான் என்று கெஷ்வர் தீர்மானித்தாள். சீட்டில் விருந்து என்ற இடத்தில் போர்வை என்று எழுதினாள். எங்கள் ஊரில் கிண்ணத்தோடு யார் போனாலும் சந்தேகப்படுவார்கள், யதுல்லாவைத் தவிர. மூடிய கிண்ணத்தை அவன் கையில் கொடுத்தாள்.

"வாதுமை அல்வா. குடுத்துட்டு நின்ன கால்ல திரும்பி வந்துடணும். உக்காருன்னு சொன்னாலும் உக்காரக் கூடாது, ஆமா."

"சரி சரி."

அவன் இறங்கியதும் கெஷ்வர் முற்றத்துப் பனியில் குப்புறப் படுத்து, கீழ்வீட்டுப் புகைத்துளையில் காதை வைத்தாள். வாங்க பாவா என்று ஷௌகத் சொல்வது கேட்டது. கிண்ணம் கைமாறியது. இனி யதுல்லா திரும்பி நாலு எட்டு வைத்தால் போதும். ஆனால் தினமும் அந்த வீட்டுக்குள் நுழைந்ததும் செய்வதை அவன் கால் தானாகவே செய்துவிட்டது. செருப்பைக் கழற்றி, உட்கார்ந்து, போர்வைக்குள் நீண்டுவிட்டது. ஷௌகத் துணியை விலக்கினாள், சீட்டைப் படித்தாள், அவன் சட்டைக் காலரைப் பிடித்தாள். பதினாறு பேரும் கூரை அதிரக் கத்தினார்கள். அந்த அதிர்வு கெஷ்வரின் வயிற்றில் தெரிந்தது.

முகமெல்லாம் கரியோடு யதுல்லா ஏறி வந்தான். "ஏண்டி, சொல்லி அனுப்பியிருந்தா ஓடியிருப்பேனே?"

"ஓடியிருப்பீங்களா?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "மாட்டேன்தான்."

"அவ போர்வைய வச்சு நான் என்ன செய்யப்போறேன்? எனக்கு உங்க கால் வேணும். நான்தான் தேச்சுவிடணும், என் கையாலதான் வலி போகணும்" என்றாள் கெஷ்வர். சொல்லிவிட்டு சமோவாரைத் துடைக்க ஆரம்பித்தாள்.

ஒரு ஆடாவது கேட்பாள் என்று ஊர் எதிர்பார்த்தது. ஷௌகத் கேட்டது இதுதான்: அக்கா வந்து காலை உள்ளே நீட்ட வேண்டும். கெஷ்வருக்கு அதைவிட ஒன்பது ஆடு கொடுப்பது சுலபம். ஆனால் பனிக்கிண்ணத்தில் தோற்றவர் மறுத்ததாக எங்கள் ஊரில் சரித்திரம் இல்லை. மறுநாள் பெருநாள் உடுப்பில், தன் வீட்டுத் திண்டைத் தானே சுமந்துகொண்டு இறங்கினாள். யதுல்லாவின் பக்கத்தில் உட்கார்ந்து காலை நீட்டினாள், வீம்புக்குக் கம்பளிக் காலுறையோடு. இரண்டும் ஓடையில் நனைந்தன. பிழிந்து வைத்துவிட்டு வெறுங்காலை நீட்டினாள். புல் இருந்தது, கல் இருந்தது. தண்ணீருக்குள் பக்கத்தில் இன்னொரு கால் இருந்தது. யாருடையது என்று அவளுக்கா தெரியாது? தன் கட்டைவிரலால் அதன் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். ஐந்து. மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். ஐந்துதான். யதுல்லா அவளைப் பார்க்காமல் தேநீரை ஊதிக்கொண்டிருந்தான். கெஷ்வரின் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. கண்ணில் கொசு விழுந்துவிட்டது என்றாள். பனி கழுத்தளவு நின்ற நாளில் அதை யாரும் மறுக்கவில்லை.

சாயங்காலம் யதுல்லா அந்தக் காலை வெளியே எடுத்தபோது மூன்று விரல்களே இருந்தன. கணவாய் திறக்கும்வரை அவள் தினமும் போனாள். தன் பக்கம் மட்டும் பழம் குறைச்சல், நல்ல நிழலெல்லாம் ஷௌகத் பக்கம் என்று தினமும் முனகினாள்.

தீர் மாதம் பிறந்து ஆட்டுமயிர் கழுவ ஓடைக்குப் போனவர்கள், மல்பெரி மரத்தடியில் சதுரமாகப் புல் மிதிபட்டுக் கிடப்பதைக் கண்டார்கள். உதிர்ந்த பழங்கள் நசுங்கியிருந்தன. கரைச் சேற்றில் நாற்புறமும் வெறுங்கால் தடங்கள், அங்கே வந்த தடமும் இல்லை, போன தடமும் இல்லை. ஓ, இங்கேதானா என்றார்கள். அவரவர் தடத்தைத் தேடிப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கினார்கள். கெஷ்வர் தன்னுடையதைக் கண்டுபிடித்தாள். அதை ஒட்டி ஒரு வலது காலின் தடம் இருந்தது, ஐந்து விரலோடு.

தூரத்தில் ஷௌகத் மூட்டையோடு வருவது தெரிந்தது. கெஷ்வர் தன் செப்புத் தாம்பாளத்தை அந்த இரண்டு தடங்களின்மேலும் கவிழ்த்து வைத்தாள். தாம்பாளம் இல்லாததால் அன்று சாயங்காலம்வரை கையால் தண்ணீர் மொண்டே மயிரைக் கழுவினாள்.