அம்மாவுக்குப் பக்கத்து இடம்

கடப்பாரை இரண்டாவது தடவையும் 'ணங்' என்றதும் கௌஸ் மொய்தீன் குழிக்குள்ளிருந்து நிமிர்ந்தார்.

"பாறை மாதிரி இருக்குது மாப்ளே. வேற இடம் பாக்கலாமா?"

"வேணாம் மாமா. அம்மா பக்கத்துலதான் வைக்கிறேன்னு அத்தாகிட்ட சொல்லியிருக்கேன்" என்றான் குலாம் ரசூல்.

அவனுடைய அத்தா சாந்த் பாஷா விடியற்காலையில் இறந்துபோனார். இப்போது பள்ளிவாசல் முற்றத்தில் கபன் துணிக்குள் காத்திருக்கிறார். மாங்காய் வியாபாரி. ஒரு தோப்பைக் குத்தகை பேசி முடிக்க நாலு தோப்பு ஏறி இறங்குகிற மனுஷன், கபர்க்குழி மட்டும் ஒரே பேச்சில் படிந்துவிடுமா என்ன.

நேற்று ஓசூரில் ஷிப்ட் முடித்து ஓடிவந்த மகனின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் கேட்டது இந்த இடத்தை மட்டும்தான். அம்மாவின் கபருக்கு ஒரு பக்கம் சுற்றுச்சுவர். மறுபக்கம் இருந்த காலியிடத்தை யார் செத்தாலும் விட்டுக்கொடுக்காமல், ஜமாத்தோடு மல்லுக்கட்டி வைத்திருந்தார்.

மண்ணை வழித்துப் பார்த்தபோது அது பாறையில்லை, பலகைக்கல். நாலு பேர் நெம்பிப் புரட்டினார்கள். கீழே, நான்கு கற்களைச் செங்குத்தாக நிறுத்திப் பெட்டி மாதிரி ஓர் அறை. உள்ளே சரிந்த மண்ணில் கறுப்பும் சிவப்புமாய்ப் பானைகள். துருவேறிய கத்தி ஒன்று. அதன் பக்கத்தில், தொட்டால் உதிர்ந்துவிடும் போல, எலும்புகள்.

"பாண்டவர் குழி" என்று தாழ்ந்த குரலில் சொன்னார் திம்மப்பன். அத்தாவோடு முப்பது வருஷம் மாங்காய் வண்டி ஓட்டியவர். "அந்தக் காலத்து ஆளுங்களப் பொதைச்ச எடம். எங்க காட்டுலயும் இருக்குது தம்பி. சுத்தி உருண்டைக் கல்லா வட்டம் போட்டிருக்கும்."

"இங்க வட்டம் ஒண்ணும் இல்லியே?"

திம்மப்பன் சுவரைப் பார்த்தார். "இருந்துது. நானும் உங்கத்தாவுந்தான் வண்டில ஏத்தினு போயி இந்தச் சுவரக் கட்டுனோம். சும்மா கெடக்குற கல்லுன்னு நெனச்சோம். இன்னாருடைய இடம்னு அடையாளத்துக்கு வச்சிருக்காங்க, பாரு."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கடைசியில் கௌஸ் மொய்தீன்தான், எலும்பை ஒரு துணியில் கட்டி ஓரமாகப் புதைத்துவிட்டால் இடம் கிடைத்துவிடும் என்றார். தங்கச்சிக்குப் பக்கத்தில் மச்சானை வைக்க வேண்டும் என்ற ஆசை அவருக்கும் இருந்தது. எல்லோரும் பள்ளிவாசல் இமாமான ஹஜரத்தைப் பார்த்தார்கள்.

"படுத்திருக்கவங்கள எழுப்பறது நல்லதில்ல" என்றார் அவர். "ஆனா வாக்குக் குடுத்தவன் நீ. நீயே சொல்லு."

குலாம் ரசூல் குழிக்குள் இறங்கினான். எலும்பின் தலைமாட்டில் ஒரு சின்னக் கிண்ணம் சாயாமல் நின்றிருந்தது. விரலால் மண்ணைத் துடைத்தான். கறுப்பு மினுமினுத்தது, நேற்றுச் சூளையிலிருந்து எடுத்தது போல. எந்தக் காலத்திலோ யாரோ ஒருவர் இவருக்குத் தாகம் எடுக்குமே என்று இதைக் கையெட்டும் தூரத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மகனாக இருக்கலாம். ராத்திரி முழுக்க குலாம் ரசூல் அத்தாவின் வாயில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான்.

அத்தாவுக்குக் கொடுத்த வாக்கு நினைவில் வந்தது. அழுகை அப்போதுதான் வந்தது. அழுதுகொண்டே மேலே ஏறினான்.

"மூடிடலாம் மாமா."

பலகைக்கல்லை மெதுவாக இறக்கினார்கள். குலாம் ரசூல் ஒரு கைப்பிடி மண்ணை அள்ளிப் போட்டான். இரண்டாவது கைப்பிடி, மூன்றாவது. மய்யித்தை அடக்கும்போது போடுகிற மாதிரியே. கௌஸ் மொய்தீன் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு அவரும் குனிந்தார். அவருக்குப் பின்னால், யாரும் சொல்லாமலே, குழி வெட்ட வந்தவர்கள் எல்லோரும் வரிசையாக வந்து மண் போட்டார்கள். திம்மப்பன் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து போட்டார். பெயர் தெரியாத, ஊர் தெரியாத ஒருவருக்கு அன்று மறுபடியும் ஒரு அடக்கம் நடந்தது.

அதற்கு அந்தப் பக்கம் புதுக்குழி வெட்டி, அத்தாவை அஸர் தொழுகைக்கு முன்னால் அடக்கம் செய்தார்கள்.

வீட்டு வாசலில் தங்கை சுக்ரா செம்பில் தண்ணீரோடு நின்றிருந்தாள். பெண்கள் கபரஸ்தானுக்குப் போகும் வழக்கம் இல்லாததால், காலையிலிருந்து அவளுக்கு ஒன்றும் தெரியாது.

"அம்மா பக்கத்துலதானேண்ணே வச்சீங்க?"

குலாம் ரசூல் இரண்டு கையையும் நீட்டினான்.

"ஒரு ஆள் தள்ளி."

"நடுவுல யாரு? அந்த இடம் காலியாத்தானே கெடந்துது?"

"நாமதான் அப்படி நெனச்சினு இருந்தோம்."

சுக்ரா அவன் முகத்தைப் பார்த்தாள். செம்பைச் சாய்த்தாள். இரண்டு குழியின் மண்ணும் ஒரே நிறமாய்க் கரைந்து அவன் விரல்களின் வழியே இறங்கியது.